எட்டு வரியில் எங்களை நிறுத்திவிட்டீர்கள்: நிவாரண நிறுவனங்களுக்கும் கொடையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பேரிடர் நிவாரண நிறுவனங்களின் தலைமை அலுவலகங்களில் முடிவெடுப்பவர்களுக்கும், அவர்களுக்குப் பணம் தருகிற அரசுகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும்,

போன மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மொத்தம் எட்டு வரி. எங்கள் பகுதிப் பெண்கள் குழுவுக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த சின்னத் தொகை அடுத்த காலாண்டிலிருந்து வராது, நிதி குறைந்துவிட்டதால் இனி உயிர் காக்கும் பணிகளுக்கு மட்டும்தான் முன்னுரிமை, இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு நன்றி. அவ்வளவுதான். எங்களில் பாதிப் பேருக்குப் புரியாத மொழியில் வந்த அதை நான்தான் குழுவில் படித்துப் பொருள் சொன்னேன். முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் எங்களில் மூத்த அக்கா ஒருவர் கேட்டார்: "அப்போ நாம செஞ்சது உயிர் காக்கிற வேலை இல்லையா?"

அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இருந்தால் உங்களிடம்தான் இருக்க வேண்டும். அந்த மெயிலை அனுப்பிய நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு நிறுவனத்தின் தவறு மட்டும் என்றால் போனிலேயே சண்டை போட்டு முடித்திருப்பேன். இரண்டு வெள்ளத்தில் ஏழெட்டு நிறுவனங்களோடு வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், சின்னம் மாறுகிறது, ஜீப்பின் நிறம் மாறுகிறது, எங்களை நடத்தும் விதம் மட்டும் மாறவில்லை.

முதல் வெள்ளத்தில் இருந்து தொடங்குகிறேன், இல்லையென்றால் இது புரியாது.

அப்போது எங்களுக்குக் குழு எதுவும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் முகாம். மூன்றாம் நாள் உங்கள் ஆட்கள் வந்தார்கள். நல்ல ஆட்கள், தூக்கம் பார்க்காமல் உழைத்தார்கள், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஒரே பகலில் பன்னிரண்டு கழிப்பறை எழும்பியது. மைதானத்தின் கடைசி மூலையில், லாரி வந்து திரும்ப வசதியான இடத்தில். ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு ஆறு, கணக்கு சமம். கதவுக்குத் தார்ப்பாய் தொங்கியது. உள்ளே தாழ்ப்பாள் கிடையாது, போகிற வழியில் விளக்கு கிடையாது. இருட்டிய பிறகு அந்த வழியில் யார் யார் நிற்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் சாயங்காலம் ஆனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டோம். பத்து வயதுப் பெண் குழந்தைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தோம். பத்து நாளில் பாதிப் பெண்களுக்கு நீர்க்கடுப்பு, காய்ச்சல். வந்து பார்த்த மருத்துவக் குழு, பெண்கள் தண்ணீர் போதுமான அளவு குடிப்பதில்லை, விழிப்புணர்வு தேவை என்று எழுதிக்கொண்டு போனது. விழிப்புணர்வு வகுப்பும் நடந்தது. கை கழுவுவது எப்படி என்று.

இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

எனக்கு ஆத்திரம் எங்கே வருகிறது என்றால், இதெல்லாம் உங்களுக்குத் தெரியாத விஷயமே இல்லை. 1997-ல் தொடங்கிய ஸ்பியர் திட்டம் என்ற ஒன்று இருக்கிறது, நிவாரணத்தின் குறைந்தபட்ச அளவுகளை நிறுவனங்களே சேர்ந்து உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். முகாம் நிலைப்பட்ட பிறகு 20 பேருக்கு ஒரு கழிப்பறை. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. தங்குமிடத்திலிருந்து 50 மீட்டருக்குள் இருக்க வேண்டும். உள்ளிருந்து பூட்ட முடிய வேண்டும், வெளிச்சம் வேண்டும், எங்கே கட்டுவது என்று பயன்படுத்தப் போகிறவர்களைக் கேட்க வேண்டும். இதை நான் தெரிந்துகொண்டது வெள்ளம் வடிந்து வெகு காலம் கழித்து, உங்கள் பயிற்சிக் கூட்டத்தில், உங்கள் பயிற்சியாளர் திரையில் போட்டுக் காட்டியபோது. எனக்கு அவரிடம் ஒன்று கேட்க வேண்டும் போல இருந்தது: இந்தப் புத்தகம் அந்த லாரியில் ஏன் ஏறவில்லை? கேட்கவில்லை. அன்றைக்குப் பயிற்சிக்கு வந்ததற்கான பயணப்படி இன்னும் கைக்கு வரவில்லை, அதுவும் ஒரு காரணம்.

தாழ்ப்பாள் ஒன்று என்ன விலை இருக்கும்? உங்களிடம் இல்லாமல் போனது பணம் அல்ல. மைதானத்தில் நின்று இரண்டு பெண்களிடம் பேசுவதற்கு ஒரு கால்மணி நேரம், அதுதான் கிடைக்கவில்லை.

அதே முகாமில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆனது. வகுப்பறை மூலையில் இரண்டு போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தொப்புள்கொடி அறுக்க யாரோ சவரம் செய்ய வைத்திருந்த பிளேடைத் தண்ணீரில் கொதிக்கவைத்தோம். பேரிடர் நேரத்தில் இப்படி ஆகும் என்று தெரிந்துதான் பிரசவப் பை என்று ஒன்று இருக்கிறது: ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, சோப்பு, புது பிளேடு, கொடி கட்ட நூல், கையுறை. பெரிய செலவு இல்லை. 1990-களின் நடுவிலிருந்தே, நெருக்கடி தொடங்கிய உடனே செய்ய வேண்டிய குறைந்தபட்ச இனப்பெருக்க நல சேவைகளில் இதுவும் ஒன்று. எங்களுக்கு வந்த பைகள் எங்கே இருந்தன தெரியுமா? கிடங்கில். முகாம் மூடிய பிறகு மிச்சப் பொருள் எண்ணப் போனவர்கள் பார்த்தார்கள். எத்தனை கர்ப்பிணிகள், எங்கே இருக்கிறார்கள் என்ற விவரம் இல்லாததால் விநியோகிக்கவில்லை என்று சொன்னார்கள். எந்தத் தெருவில் யாருக்கு எத்தனை மாதம் என்று அந்த முகாமில் இருந்த எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் விரல் விட்டுச் சொல்லியிருப்பாள்.

அந்த வெள்ளத்தில் எங்கள் தெருக்களில் நான்கு பேரை இழந்தோம். நான்கும் பெண்கள். ஒருவர் படுக்கையில் இருந்த மாமியாரை விட்டு வர மனமில்லாமல் நின்றவர், மாமியாரும் போய்விட்டார். மற்ற இருவருக்கும் எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை. எச்சரிக்கை குறுஞ்செய்தியாக வந்தது, வீட்டில் இருந்த ஒரே போன் வேலைக்குப் போன கணவரின் சட்டைப்பையில் இருந்தது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு ஆக்ஸ்பாம் என்ற நிவாரண நிறுவனம் எடுத்த கணக்கில், இந்தோனேசியாவின் ஆச்சே பெசார் மாவட்டத்தில் அவர்கள் பார்த்த நான்கு கிராமங்களில் உயிர் பிழைத்த 676 பேரில் பெண்கள் 189 பேர்தான். இந்தியக் கரையிலும் இலங்கையிலும் பல இடங்களில் அதே மாதிரிதான், செத்தவர்களில் பெண்கள் அதிகம். ஆண்கள் பலர் கடலுக்கு உள்ளேயோ வெளியூரிலோ இருந்தார்கள். பெண்கள் கரையிலும் வீட்டிலும் இருந்தார்கள், நீந்தத் தெரியாது, கையில் குழந்தை. எரிக் நியூமேயர், தாமஸ் புளும்பர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1981 முதல் 2002 வரை 141 நாடுகளின் பேரிடர்களை எடுத்துப் பார்த்து 2007-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பேரிடர் பெண்களின் ஆயுளைத்தான் கூடுதலாகக் குறைக்கிறது, ஆனால் பெண்களின் சமூக பொருளாதார நிலை மேலே போகப் போக அந்த வித்தியாசம் சுருங்குகிறது என்பது அவர்கள் கண்டது. தண்ணீர் ஆள் பார்த்து அடிப்பதில்லை என்று சொல்வார்கள். தண்ணீர் பார்ப்பதில்லைதான். யார் கையில் போன் இருக்கிறது, யாருக்கு நீச்சல் தெரியும், யார் யாரைக் கேட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் தண்ணீர் வருவதற்கு முன்பே முடிவாகி இருக்கிறது.

அதை மாற்ற முடியும் என்பதற்கு வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 புயலில் அங்கே குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 1991-ல் ஏறத்தாழ 1,40,000 பேர், அதில் பெண்களும் குழந்தைகளும்தான் பெரும்பங்கு. 2020-ல் ஆம்பன் புயலின்போது 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை முன்கூட்டியே பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோனார்கள், இறப்பு சில பத்துகளோடு நின்றது. செயற்கைக்கோளும் உதவியது, கட்டிவைத்த புயல் காப்பகங்களும் உதவின. ஆனால் காப்பகத்துக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தது யார்? சுமார் 76,000 உள்ளூர்த் தொண்டர்கள் கொண்ட ஒரு படை. இன்று அதில் பாதிப் பேர் பெண்கள். ஒரு வீட்டுக்குள் நுழைந்து, "அக்கா, கிளம்புங்க, குழந்தையை நான் தூக்கிக்கிறேன்" என்று சொல்ல அந்த வீட்டுக்குத் தெரிந்த ஒரு பெண்ணால்தான் முடியும்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். முதல் வெள்ளத்துக்குப் பிறகு உங்களில் ஒரு நிறுவனம் குழு அமைக்கச் சொல்லி உதவியது. அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது. பதினெட்டு பேர். ஒவ்வொருவருக்கும் முப்பது, நாற்பது வீடு. எங்களிடம் ஒரு நோட்டு இருக்கிறது, கோடு போட்ட சாதாரண நோட்டு. யார் கர்ப்பம், யாரால் நடக்க முடியாது, யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்குக் காது கேட்காது, யாருக்குத் தினமும் ஊசி போட வேண்டும், எந்த வீட்டில் போன் பகலில் இருக்காது. அப்புறம் வெளியே சொல்லாத ஒரு குறியும் உண்டு, சின்னப் புள்ளி: கணவன் அடிக்கிற வீடு. முகாமில் அந்தப் பெண்ணை எந்த அறையில் படுக்கவைப்பது என்று முடிவு செய்ய அது வேண்டும். நோட்டு யாரிடம் இருக்கும் என்பதைக்கூட நாங்கள் இரண்டு மாதம் பேசித்தான் முடிவு செய்தோம். உங்கள் டேப்லெட் கணக்கெடுப்பில் இந்தக் கேள்விகள் எதுவும் கிடையாது. இருந்தாலும், தெரியாத ஆள் டேப்லெட்டோடு வாசலில் வந்து நின்றால் யார் பதில் சொல்வார்கள்?

இரண்டாம் வெள்ளம் ராத்திரியில் வந்தது. குறுஞ்செய்திக்காக நாங்கள் காத்திருக்கவில்லை. வீடு வீடாகப் போனோம். படுக்கையில் இருப்பவர்களைத் தூக்க நாற்காலி எந்தெந்த வீட்டில் இருக்கிறது, தூக்குவதற்கு எந்தெந்தப் பையன்கள் என்பதும் நோட்டில் இருந்தது. முகாமில் முதல் நாளே விளக்குள்ள பக்கம் கழிப்பறை கேட்டு, கிடைக்கும்வரை நகராமல் நின்றோம். மாதம் நெருங்கிய ஐந்து பேரைத் தனி அறையில் வைத்தோம், இரண்டு பிரசவம், இரண்டுக்கும் பையும் இருந்தது, கைபழகிய செவிலியரும் இருந்தார். நாங்கள் பொறுப்பெடுத்த தெருக்களில் யாரும் சாகவில்லை. இந்த முறை தண்ணீரும் கொஞ்சம் குறைவுதான், எல்லாப் பெருமையும் எங்களுக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் எங்கள் குழுவின் படம்தானே இருக்கிறது? அந்த அறிக்கை வெளியானதற்கும் எனக்கு மெயில் வந்ததற்கும் நடுவில் ஐந்து மாதம்கூட இல்லை.

இப்போது பட்டியலைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் குழுவால் இரண்டாம் முறையும் தோற்கடிக்க முடியாத எதிரி அதுதான்.

உங்கள் படிவத்தின் முதல் கட்டம்: குடும்பத் தலைவர் பெயர். அந்த ஒரு கட்டத்தில் எத்தனை பெண்கள் காணாமல் போகிறார்கள் என்று நீங்கள் எப்போதாவது எண்ணியதுண்டா? உதவித்தொகை அந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகும். அடி தாங்காமல் வெள்ளத்துக்கு ஆறு மாதம் முன்பே பிரிந்து வந்தவளின் பணம், அவளை அடித்தவன் கணக்குக்குப் போனது. அதை வாங்க அவனிடமே போய் நிற்கச் சொன்னார் உங்கள் கள அலுவலர். அவர் கெட்டவர் இல்லை, அவருடைய கணினியில் ஒரு வீட்டு எண்ணுக்கு ஒரு பெயர்தான் ஏறும். கணவரின் உடல் கிடைக்காத ஒரு பெண்ணுக்கு இறப்புச் சான்று இல்லை, சான்று இல்லாததால் அவள் விதவை இல்லை, கணவர் நேரில் வந்து கையெழுத்துப் போடாததால் அவர் உயிரோடும் இல்லை. பதினொரு மாதம் அலைந்தாள். ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த மூன்று குடும்பங்களில் முதலில் வரிசையில் நின்றவருக்கு மட்டும் டோக்கன்.

இழப்பைக் கணக்கிட்ட படிவம் இன்னும் மோசம். வீடு, நிலம், மாடு, படகு, வண்டி என்று கட்டங்கள். இவை எல்லாம் யார் பெயரில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தையல் மிஷின் தண்ணீரில் போனவளுக்குக் கட்டம் இல்லை. வாசலில் உட்கார்ந்து கூடை பின்னியவளின் சரக்கு, வீட்டு வேலைக்குப் போனவள் இழந்த இரண்டு மாதக் கூலி, பக்கத்து வீட்டில் கடனாக வாங்கித் தொழிலில் போட்ட பணம், எதற்கும் கட்டம் இல்லை. "இதர" என்று கடைசியில் ஒரு வரி இருந்தது, அதில் எழுதியதை யாரும் கணினியில் ஏற்றவில்லை. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

பாலினம் பற்றிப் பேசினால் பெண்களுக்கு மட்டும் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். தனியாக இருந்த எழுபது வயது முதியவர் ஒருவர் அந்த முகாமில் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, ஏனென்றால் அவருக்குக் கொடுத்தது அரிசி, பருப்பு, சமைக்கத் தெரியாது, கேட்க வெட்கம். குடும்பம் இல்லாத இளைஞர்கள் எந்தப் பட்டியலிலும் வரவில்லை, அவர்களைப் பார்த்தாலே பிரச்சினை செய்பவர்கள் என்ற முடிவு. திருநங்கை ஒருவரை ஆண்கள் வரிசையிலிருந்தும் அனுப்பினார்கள், பெண்கள் வரிசையிலிருந்தும் அனுப்பினார்கள், மூன்றாம் நாள் அவர் முகாமைவிட்டே போய்விட்டார், எங்கே போனார் என்று எங்களுக்கும் தெரியாது. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு. பெண்கள் வரிசையில் இருந்து அனுப்பியவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள்.

ஆமாம், நாங்களும் சுத்தம் இல்லை. குழுவின் முதல் வருடத்தில் பதினெட்டு பேரில் பதினான்கு பேர் ஒரே பக்கத் தெருக்களைச் சேர்ந்தவர்கள். ஆற்றோரம் குடிசை போட்டிருப்பவர்கள் ஒருவர்கூட இல்லை, முதலில் மூழ்குவது அவர்கள்தான். சக்கர நாற்காலியில் இருக்கும் பெண் ஒருவர் வந்து கத்திய பிறகுதான் கூட்டத்தை மாடியில் நடத்துவதை நிறுத்தினோம். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உள்ளூர் ஆட்கள் என்றால் தானாக நியாயம் வந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. "உள்ளூர்த் தலைவரிடம் கொடுத்துவிட்டோம், உள்ளூர்மயம் ஆகிவிட்டது" என்று நீங்கள் எழுதும் அறிக்கைகளைப் பார்த்தால் பயமாகவே இருக்கிறது. வெள்ளத்துக்கு முந்தைய நாள் யார் பேச்சு எடுபட்டதோ அவரிடமே மூட்டையைக் கொடுத்தால், மறுநாள் அவர் பேச்சு இன்னும் கொஞ்சம் எடுபடும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் தவறை எங்களால் திருத்த முடிந்தது, கத்துவதற்கு ஆள் பக்கத்திலேயே இருந்ததால். உங்கள் தவறைச் சொல்ல நாங்கள் எங்கே வந்து கத்துவது?

கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. காலை பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் பெண்கள் எல்லாரும் தண்ணீர் வரிசையில் நிற்கிறோம் அல்லது வேலைக்குப் போயிருக்கிறோம். வந்தது மூன்று பேர். முன்வரிசையில் ஆண்கள், அவர்கள் முன்னால் கழிப்பறைப் பேச்சை எடுப்பது யார்? நாப்கின் போதவில்லை என்று யார் சொல்வது? போட்டோ எடுத்தார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். பெண்களின் பங்கேற்பு உறுதி செய்யப்பட்டது என்று அறிக்கையில் வந்தது. அதைவிடக் கொடுமை, கூட்டத்தில் நாங்கள் எதைச் சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது, ஏனென்றால் பொருட்களுக்கு ஆர்டர் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. திட்டத்தை முடித்துவிட்டு வந்து கருத்துக் கேட்பதற்கு வேறு பெயர் வைக்கலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நாகரிகம் இல்லை என்று நினைத்தாலும் பரவாயில்லை. 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சி மாநாட்டில் பெரிய கொடையாளர்களும் பெரிய நிறுவனங்களும் சேர்ந்து ஒரு உடன்பாடு போட்டீர்கள். 2020-க்குள் மனிதாபிமான நிதியில் குறைந்தது 25 சதவீதம், முடிந்தவரை நேரடியாக, உள்ளூர் மற்றும் தேசிய அமைப்புகளுக்குப் போகும் என்று. 2022-ல் உலக அளவில் நேரடியாகப் போனது 1.2 சதவீதம். நான் கணக்கில் கெட்டிக்காரி இல்லை, ஆனாலும் இருபத்தைந்துக்கும் ஒன்றேகாலுக்கும் வித்தியாசம் தெரிகிறது. எங்களுக்கு வரும் தொகை மூன்று கை மாறி வருகிறது. ஒவ்வொரு கையிலும் நிர்வாகச் செலவு என்று கொஞ்சம் நிற்கிறது, கடைசிக் கையான எங்களுக்கு மட்டும் நிர்வாகச் செலவு கிடையாது. நேரடியாக விண்ணப்பிக்கலாமே என்றால், மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, பன்னாட்டு வங்கிக் கணக்கு, நாற்பது பக்கப் படிவம், அதுவும் எங்களில் பாதிப் பேருக்குப் புரியாத அந்த மொழியில். வேலை செய்ய எங்களை நம்புகிறீர்கள், ராத்திரி ஆற்றோரம் போக நம்புகிறீர்கள், காசு விஷயத்தில்தான் நம்பிக்கை வரவில்லை.

நிதி நெருக்கடி நிஜம் என்பது எனக்கும் தெரியும். 2025-ல் பெரிய கொடை நாடுகள் கையைச் சுருக்கிக்கொண்ட பிறகு, ஐ.நா. மனிதாபிமான அலுவலகம் ஜூன் மாதம் தன் உலகத் திட்டத்தையே 4,400 கோடி டாலரிலிருந்து 2,900 கோடி டாலராக வெட்டி, மிக அவசரமான 11.4 கோடிப் பேருக்கு முதலில் என்று எழுதியது. யாருக்கும் அது சந்தோஷமான முடிவாக இருந்திருக்காது. ஆனால் வெட்டு யார்மேல் முதலில் விழுந்தது? ஐ.நா. பெண்கள் அமைப்பு அதே வருடம் 44 நெருக்கடிப் பகுதிகளில் 411 பெண்கள் அமைப்புகளைக் கேட்டது. 90 சதவீதம் பேருக்கு அடி விழுந்திருக்கிறது. நிலைமை இப்படியே போனால் ஆறு மாதத்தில் மூட வேண்டியிருக்கும் என்று சொன்னவர்கள் 47 சதவீதம். எங்களுக்கு வந்த எட்டு வரி மெயில் அந்த வருடம் எத்தனை பேருக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

உணவு மூட்டை உயிர் காக்கும் பணி. மறுக்கவில்லை. அந்த மூட்டை எந்த வாசலில் இறங்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பது என்ன பணி? நோட்டில் இருக்கும் அந்தப் புள்ளி என்ன பணி? வெள்ளம் இல்லாத பத்து மாதமும் வீடு வீடாகப் போய் மாதக் கணக்கைத் திருத்திக்கொண்டே இருந்தால்தான் பதினோராவது மாதம் அந்த நோட்டு உதவும். ஒரு மழைக்காலம் புதுப்பிக்காமல் விட்டால் அது வெறும் காகிதம். அதை வெள்ளம் வந்த பிறகு வாங்க முடியாது, எந்த விலைக்கும்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

முதலில், அந்த எட்டு வரி முடிவைத் திரும்பப் பெறுங்கள். முழுத் தொகை முடியாது என்றால் எவ்வளவு முடியும் என்று எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள், எதை விடுவது என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம். இப்படிப்பட்ட குழுக்களுக்கான பணத்தை அவசரக் கட்டம் முடிந்ததும் கழற்றிவிடும் இதரச் செலவாக எழுதாமல், உயிர் காக்கும் பணி என்ற தலைப்பின் கீழேயே எழுதுங்கள். குறைந்தது மூன்று வருடத்துக்கு எழுதுங்கள். நேரடியாகக் கொடுங்கள், நிர்வாகச் செலவோடு சேர்த்து. விண்ணப்பம் நான்கு பக்கத்தில், எங்கள் மொழியில் இருக்கட்டும். கணக்குக் காட்டத் தயாராக இருக்கிறோம், ஊர் நடுவில் ஒட்டியும் வைக்கிறோம். நீங்களும் உங்கள் கணக்கை அங்கேயே ஒட்டுங்கள்.

குடும்பத் தலைவர் என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொரு பெரியவரையும் தனிப் பெயராகப் பதியுங்கள், பணம் யாரிடம் போக வேண்டும் என்று அவரவரைத் தனியாகக் கேளுங்கள், பிரிந்து வாழ்பவர்களுக்குச் சான்றிதழ் கேட்காதீர்கள். இழப்புப் படிவத்தில் வீட்டுக்குள் நடக்கும் தொழிலுக்கும் கூலிக்கும் கட்டம் வையுங்கள், "இதர" வரியையும் கணினியில் ஏற்றுங்கள்.

கழிப்பறை, தண்ணீர், விளக்கு, படுக்கும் இடம் எங்கே என்பதை முடிவு செய்வதற்கு முன்னால் பெண்களைத் தனியாகக் கேட்கவில்லை என்றால் கட்டுமானத்துக்குப் பணம் விடுவிக்காதீர்கள். நீங்களே எழுதிய அளவுகளை முகாமின் சுவரில் எங்கள் மொழியில் ஒட்டுங்கள், எவ்வளவு குறைகிறது என்று நாங்களே அளந்து சொல்கிறோம். புகார் வாங்க ஒரு ஆள் வேண்டும், பெண்ணாக இருக்க வேண்டும், உங்கள் நிறுவனத்தின் சம்பளத்தில் இல்லாதவராக இருக்க வேண்டும். ஆற்றோரம் இருப்பவர்கள், நடக்க முடியாதவர்கள், திருநங்கைகள் இல்லாத எந்தக் குழுவுக்கும் பணம் தராதீர்கள். எங்கள் குழுவுக்கும் இது பொருந்தும்.

இந்தக் கடிதத்துக்குப் பதிலை மெயிலில் அனுப்ப வேண்டாம். முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ள ஒருவர் நேரில் வரட்டும், மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால். பதினோரு மணிக்கு வேண்டாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள், எல்லாரும் இருப்போம், கூட்டம் கீழ்த்தளத்தில்தான்.